நார்ரி ஓடை மரத்து அம்பு

அந்த அம்பைப் பத்தி எனக்கு முதல்ல சொன்னது என் வீட்டுக்காரர் ஆல்ஃப்தாம்மா. நாப்பத்தெட்டாம் வருஷம், செப்டம்பர் மாசம். கல்யாணமாகி நாலாம் நாள். கல்கூராவுல ரயிலை விட்டு இறங்கி, லாரியில என்னை இந்த வில்லோரா பண்ணைக்குக் கூட்டிக்கிட்டு வர்றாரு. பாதி வழியில நார்ரி ஓடைகிட்ட வண்டியை நிறுத்தினாரு. இறங்கு எர்னா, நம்ம குடும்பத்துலயே வயசான ஆளு ஒருத்தரைக் காட்டுறேன்னாரு. நானும் பெரிய மாமனார் யாரோன்னு முடியெல்லாம் சரிபண்ணிக்கிட்டு இறங்குறேன். பார்த்தா ஒரு கூலிபா மரம்.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் அன்னைக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

ஃபேன் நின்னுடுச்சேன்னு மேல பார்க்குறீங்களா? கரண்ட் ஒண்ணும் போகல. ஜெனரேட்டரை நான்தான் நிறுத்தினேன். மணி பன்னெண்டு ஆச்சுல்ல. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். புழுக்கமா இருந்தா அந்த ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்க. ஃபிரிட்ஜ் சத்தமும் நின்னுடும். அது ஒரு வழக்கம், வேற ஒண்ணும் இல்ல.

வாசல்ல இருக்குற நோட்டுல பேர் எழுதிட்டீங்களா? எந்த வழியா வந்தீங்க, எந்த வழியா போறீங்க, எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கன்னு மூணு கட்டம் போட்டிருப்பேன். எழுதிட்டீங்களா. நல்லது. கேக் எடுத்துக்கோங்க. மேல இந்தப் பொடி தூவுறது எங்கம்மா பக்கத்து ஜெர்மன்காரங்க வழக்கம். நாங்க லூத்தரன் சபை. ஜெபமும் கேக்கும் இல்லாம ஞாயித்துக்கிழமை விடியாது எங்களுக்கு.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். குதிரைப் பந்தய வாரத்துல நடக்குற வினாடி வினாவுக்கு நூறு கேள்வி வச்சுப் புத்தகம் போடுறீங்க. அதுல நாப்பத்தொண்ணாவது கேள்வி இது. நார்ரி ஓடை மரத்துல கெண்ட்ரிக் என்ன குறி வெட்டினாரு? பதில், கே எழுத்து, இருபத்து மூணாம் எண், கீழ ஒரு அம்பு. பக்கத்துல நம்ம ஊரு அஞ்சலட்டையில இருக்குற அதே படம். ஆனா நேத்து நீங்க மரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தீங்க, எழுத்து பாதிதான் தெரியுது, அம்பு இல்லவே இல்ல. உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. அம்பு படத்துல மட்டும்தான் இருக்கு.

கெண்ட்ரிக் கதை தெரியும்ல? அறுபத்தி ரெண்டு. ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தி ரெண்டைச் சொல்றேன். நடுநாட்டுப் பாலைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க அடிலெய்டுலேர்ந்து கிளம்பின கூட்டத்துக்கு அவருதான் தலைவர். ஒட்டகம் பதினொண்ணு, குதிரை ஏழு, ஆளு ஒன்பது. அதுக்கு முன்னாடி போன ஒரு கூட்டம் உள்ள பெரிய கடல் இருக்கும்னு நம்பிப் படகையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போச்சாம். அந்தக் கேள்வியும் உங்ககிட்ட இருக்கு, ஒன்பதாவது. பார்த்தேன். சொட்டுத் தண்ணி இல்லாத ஊருக்குப் படகு. பாவம், நம்பிக்கைன்னு ஒண்ணு வந்துட்டா மனுஷன் எதையும் தூக்கிக்கிட்டுப் போவான்.

அந்தப் பன்னெண்டாவது கேள்வியை மட்டும் மாத்திடுங்க. நார்ரி ஓடையில தண்ணியைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டு கெண்ட்ரிக்னு போட்டிருக்கீங்க. அவரு வர்றதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே அங்க சனங்க குடியிருந்தாங்க. மணலைத் தோண்டுனா எங்க தண்ணி ஊறும்னு அவங்களுக்குத் தெரியாதா? அவங்க ஒட்டகக்காரருக்குக் காட்டினாங்க. குல் அகமதுன்னு பேரு. அவரு போய்க் கெண்ட்ரிக்கைக் கூப்பிட்டாரு. கெண்ட்ரிக் நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான் நடந்தது.

அங்க தங்களோட இருபத்து மூணாவது முகாமைப் போட்டாங்க. பின்னால வர வேண்டிய ஒரு கூட்டாளி வரல. அவருக்காக ஒரு தகர டப்பாவுல மாவும் ஒரு கடுதாசியும் வச்சு மரத்தடியில புதைச்சாங்க. பட்டையைச் செதுக்கி, எழுத்து, எண், அதுக்குக் கீழ நேரா மண்ணைப் பார்த்த மாதிரி ஒரு அம்பு. இங்க தோண்டுன்னு அர்த்தம். அந்தக் கூட்டாளி வரவே இல்ல. ஏழு மாசம் கழிச்சுத் திரும்பி வந்து பார்த்தா டப்பா அப்படியே இருந்துச்சாம்.

மரத்துக்கு ஒரு குணம் இருக்கும்மா. வெட்டுன இடத்தைச் சுத்தி உதடு மாதிரி பட்டை தடிச்சு வளரும். வருஷத்துக்கு ஒரு விரக்கடை. இருபது முப்பது வருஷத்துல வாயை மூடிக்கும். அம்பை ஆல்ஃபோட தாத்தா பார்த்திருக்காரு. ஆல்ஃபோட அப்பா பார்க்கல, அதுக்குள்ள மூடிருச்சு. மிச்சமிருக்குற எழுத்தும் போயிடக் கூடாதுன்னு அவங்க காலத்துலதான் ஒரு பழக்கம் ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வில்லோரா வீட்டு ஆள் யாராவது உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டுப் போயி, எழுத்து மேல ஏறி வர்ற பட்டையை மட்டும் செதுக்கி விடுவாங்க. நாம நகம் வெட்டுற மாதிரி. கல்யாணமான நாள்லேர்ந்து ஆல்ஃப்தான் செஞ்சாரு. உள்ள அம்பு இருக்கு எர்னா, ஒரு நாளைக்குத் திறந்து காட்டுறேன் பாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எப்பன்னு கேட்டா, உனக்கு ஏதாவது பரிசு குடுக்கணும், கையில எதுவும் இல்லைங்குற வருஷம் திறக்குறேன்னு சொல்லுவாரு.

இன்னொரு வாய் டீ ஊத்தட்டுமா?

நீங்க டவுன்காரங்க, ரேடியோ கதை தெரிஞ்சிருக்காது. அப்ப போன் கிடையாது. பக்கத்துப் பண்ணை நாப்பது மைல். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ரேடியோ பெட்டி. டாக்டரைக் கூப்பிடவும் அதுதான், தந்தி அனுப்பவும் அதுதான். காலையில ஒன்பது மணிக்குப் பொம்பளைங்க பேசுற நேரம். கிளிப்பேச்சுன்னு பேரு வச்சிருந்தோம். ஒருத்தி பேசி முடிச்சு ஓவர்னு சொன்னாதான் அடுத்தவ வாயைத் திறக்கலாம். உலகத்துலயே பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் முழுசாப் பேசவிட்ட இடம் அது ஒண்ணுதான்னு ஆல்ஃப் கேலி பண்ணுவாரு.

வெள்ளிக்கிழமையானா ரேடியோ ஆபரேட்டர் ஒரு கேள்வி போடுவாரு. இதே மாதிரிதான், பழைய பயணக்காரங்க, ஒட்டகம், தந்திக் கம்பம்னு. அம்பத்தொன்பதுல ஒரு நாள் கேட்டாரு, நார்ரி மரத்துல இருக்கு, ஆனா யாரும் பார்க்க முடியாது, அது என்னன்னு. நான் படார்னு அம்புன்னேன். ஒரு நொடி பிந்தி இன்னொரு குரல், அம்புன்னு. அது க்ளெம் ட்ரெகியா. தையல் மெஷின் ரிப்பேர்காரரு. ஒரு பழைய வேனைப் போட்டுக்கிட்டு, பண்ணை பண்ணையாப் போவாரு. எந்த வீட்டுல தங்கினாலும் வெள்ளிக்கிழமை ரேடியோ பக்கத்துல உட்கார்ந்துக்குவாரு. சின்ன உருவம், வழுக்கை, எப்பவும் வெள்ளைச் சட்டை. இந்தச் செம்மண்ணுல வெள்ளைச் சட்டை போடுற ஒரே ஆளு. கிறுக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவோம்.

எனக்குப் பரிசா ஒரு டின் பீச் பழம் அனுப்பினாங்க. அதுலேர்ந்து க்ளெம் என்னை அம்பு அம்மான்னுதான் கூப்பிடுவாரு. மெஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு, அம்பு அம்மா, உங்க மெஷின் கெட்டுப் போகல, நீங்க ஆல்ஃபோட காக்கிச் சட்டையை ஒட்டுப் போட்டுப் போட்டு அது வாழ்க்கையே வெறுத்துப் போச்சுன்னுவாரு. அந்தப் பீச் டின்னை எனக்குப் பாதி குடுத்திருக்கணும், ஒரு நொடிதானே வித்தியாசம்னு ரெண்டு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

இல்லம்மா, விலகிப் போகல. அம்புக்குத்தான் வர்றேன்.

அறுபத்தொண்ணு ஜனவரி. மூணாவது வருஷம் மழை இல்ல. ஆல்ஃபும் ஆளுங்களும் மிச்சமிருந்த மாட்டை ஓட்டிக்கிட்டு மேய்ச்சல் தேடி எல்லை தாண்டிப் போறாங்க. திரும்பி வர ஏழு வாரம் ஆகும். மாடு நார்ரி ஓடைப் பக்கம் நின்னுச்சு, பதினாலாம் தேதி, சனிக்கிழமை, அங்கேர்ந்துதான் ஓட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. செவ்வாய்க்கிழமை நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கல்கூராவுக்குக் கிளம்பினேன். ரூத்துக்குப் பல்லு வலி. அவளுக்கு ஆறு வயசு, மார்ட்டினுக்கு நாலு. பச்சை பிக்கப் வண்டி. பேட்டரி செத்துக்கிட்டு இருந்துச்சு. என்ன ஆனாலும் எஞ்சினை நிறுத்தாத எர்னா, நிறுத்தினா திரும்பக் கிளம்பாதுன்னு ஆல்ஃப் சொல்லிட்டுப் போயிருந்தாரு.

நடுப்பகல்ல நார்ரி ஓடைக்கு வந்து சேர்ந்தேன். அந்த மரத்தடியில நிக்காம போனதே இல்ல நான். எஞ்சின் பாட்டுக்கு ஓடுது. இறங்கி மரத்தைப் பார்த்தேன். பார்த்தா அம்பு.

புதுசா. வெள்ளை வெளேர்னு உள்மரம் தெரியுது, பிசின் கூடக் காயல. எழுத்தையும் சுத்தமா வழிச்சு விட்டு, அதுக்குக் கீழ நல்லா ஆழமா ஒரு அம்பு, மண்ணைப் பார்த்து. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சும்மா. சனிக்கிழமை இந்த வழியாப் போனவரு, போற அவசரத்துலயும் நின்னு, எனக்காகத் திறந்து வச்சுட்டுப் போயிருக்காருன்னு. கையில எதுவும் இல்லாத வருஷம்தானே அது. அங்கேயே நின்னு ஸ்தோத்திரம் பண்ணினேன். இப்படி ஒரு புருஷனைக் குடுத்தீரே கர்த்தாவேன்னு.

எங்க அக்கா கிறிஸ்துமசுக்கு ஒரு கேமரா அனுப்பியிருந்தா. எடுத்தேன். ஒரே ஒரு படம்.

ஆமாம்மா. உங்க புத்தகத்துல இருக்குறது நான் எடுத்த படம்.

வண்டிக்குள்ளேர்ந்து ரூத் சொன்னா, அம்மா, அங்க ஒரு சட்டை கையாட்டுதுன்னு. ஓடையில எப்பவும் வெள்ளைக் கொண்டைக்கிளி கூட்டம் கூட்டமா உட்கார்ந்திருக்கும். கிளி றெக்கை அடிக்குதுடி, உட்காரு, பல்லுல காத்து படப் போகுதுன்னு சொன்னேன். ஏறி உட்கார்ந்தேன். கிளம்பிட்டோம். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும்.

டவுன்ல எட்டு நாள். பல்லைப் பிடுங்கி, ஃபிலிமைக் கழுவக் குடுத்து, பேட்டரி மாத்தி, வீடு வந்து சேர்ந்தோம். வர்றப்ப அங்க நிக்கல. புழுதிக் காத்து, பிள்ளைங்க தூங்கிட்டாங்க. இருபத்தேழாம் தேதி காலையில ரேடியோவுல ஆபரேட்டர் கேக்குறாரு. க்ளெம் ட்ரெகியாவை யாராவது பார்த்தீங்களா, ரெண்டு வாரமா எந்தப் பண்ணைக்கும் வரலைன்னு. அவரு வர்ற நாள்ல வருவாரு, வராத நாள்ல வர மாட்டாரு, அதனால யாரும் தேடல. ஒவ்வொரு பண்ணையாக் கூப்பிட்டாரு. வில்லோரா, நார்ரி ரோட்டுல ஏதாவது பார்த்தீங்களா, ஓவர். நான் சொன்னேன், மரத்தடியில நின்னேன், யாரும் இல்ல, ஒண்ணும் வித்தியாசமா இல்ல, ஓவர்.

பொய் இல்லம்மா. அப்ப எனக்கு அது உண்மை.

தேடுற வண்டியெல்லாம் வேற ரோட்டுக்குப் போச்சு. ஒரு போலீஸ் ஜீப் மட்டும் பேருக்கு நார்ரி வழியா வந்துச்சு. அந்தப் போலீஸ்காரரும் மரத்தைப் பார்த்தாரு, அம்பையும் பார்த்தாரு. சாயங்காலம் ரேடியோவுல எனக்கு வாழ்த்துச் சொல்றாரு, ஆல்ஃப் கடைசியில திறந்துட்டாராமேன்னு. பிப்ரவரியில படம் கழுவி வந்துச்சு. பெருமை தாங்காம ஒரு பிரதியை ஆபரேட்டருக்கு அனுப்பினேன். அவரு பத்திரிகைக்குக் குடுத்தாரு. பத்திரிகையிலேர்ந்து அஞ்சலட்டைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் ஆல்ஃப் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுருச்சு.

மார்ச் நாலாம் தேதி வேற வழியா வந்து சேர்ந்தாரு. இளைச்சுக் கறுத்து, தாடியும் புழுதியுமா. குளிக்க வெந்நீர் வச்சுக்கிட்டே சொன்னேன், உங்க பரிசைப் பார்த்துட்டேன், ஊருக்கே காட்டிட்டேன்னு. என்ன பரிசுன்னாரு. விளையாடாதீங்க, அம்புன்னேன்.

எந்த அம்புன்னு கேட்டாரு.

அந்த முகத்தை நான் இன்னும் மறக்கல. படத்தைக் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தாரு. நான் வெட்டல எர்னா, எங்ககிட்ட அன்னைக்கு உளி கூட இல்லைன்னாரு. குளிக்கல. மண்வெட்டியை எடுத்து வண்டியில போட்டாரு. பிள்ளைங்களைச் சமையல்காரம்மாகிட்ட விட்டுட்டு நானும் ஏறிக்கிட்டேன். அறுபது மைலும் அவரு வண்டியோட வேகத்தைக் குறைக்கல.

ஒரு சாண்தான் தோண்டினாரு. புகையிலை டப்பா. ஊசிக்கட்டு சுத்தி வர்ற எண்ணெய்த் துணியில நல்லாப் பொதிஞ்சு கட்டியிருந்துச்சு. உள்ள பில் புத்தகத்துலேர்ந்து கிழிச்ச ஒரு தாளு. மேல்பாதி மையில எழுதினது, கீழ்ப்பாதி பென்சில்ல, பிறகு தோண்டி எடுத்து எழுதி மறுபடி புதைச்சிருக்காரு.

மையில எழுதினதை நான் மனப்பாடமாச் சொல்லுவேன். க்ளெம் ட்ரெகியா, திங்கள், ஜனவரி பதினாறு. மேல ரெண்டு மைல்ல, ஓடை வளைவுல, என் வேனோட அச்சு முறிஞ்சுருச்சு. இந்த மரத்தடியில எல்லாரும் நிப்பாங்கன்னு இங்க வந்தேன். ஸ்க்ரூ டிரைவரால அம்பு வெட்டியிருக்கேன், கெண்ட்ரிக் மன்னிக்கணும். இந்தப் பக்கத்துல ரேடியோ கேக்குற எல்லாருக்கும் தெரியும், இங்க அம்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு. தெரியுதுன்னா யாரோ புதுசா வெட்டியிருக்காங்கன்னு புரிஞ்சுக்குவாங்க. ஓடை மணல்ல கொஞ்சம் தண்ணி ஊறுது. நாளைக்கு ராத்திரி குளிர்ச்சியில பன்னெண்டு மைல் வடக்க இருக்குற ஆழ்கிணத்துக்கு நடந்துடலாம்னு இருக்கேன். அவ்வளவுதான்.

எவ்வளவு சரியா யோசிச்சிருக்காரு பாருங்க. ஒரு தப்பும் இல்ல அவரு கணக்குல.

அந்த ஆழ்கிணத்துல அந்த வருஷமும் தண்ணி இருந்துச்சும்மா. தண்ணி இறைக்குற காத்தாடி சுத்திக்கிட்டே இருந்துச்சு, தொட்டி நிறைய. பன்னெண்டு மைல் ஒரு ராத்திரியில நடக்குற தூரம்தான்.

அவரு நடக்கல. மரத்துலேர்ந்து முன்னூறு அடி எடுத்து வச்சா ஓடைக்கரை. அங்க, அவரு தோண்டின குழி பக்கத்துல, கரை நிழல்ல இருந்தாரு. ஆறு வாரம் ஆகியிருந்துச்சு. சட்டை இல்ல உடம்புல. சட்டை மேல ஒரு கிளையில கட்டியிருந்துச்சு, கொடி மாதிரி.

அங்கேயே அடக்கம் பண்ணினோம். போலீஸ் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. மூண்டா ஊர்ல ஒரு அக்கா இருந்தாங்க அவருக்கு, ஐவி. அவங்க எனக்குக் கடுதாசி போட்டாங்க. என் தம்பியைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு நன்றின்னு. வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு அட்டை வரும், நன்றி, நன்றின்னு. முப்பத்து ரெண்டு அட்டை. அந்த அலமாரியில இருக்கு. போன குளிர்காலத்துல அவங்களும் போயிட்டாங்கன்னு வக்கீல் எழுதினாரு. அதனாலதான் இன்னைக்கு உங்ககிட்ட பேசுறேன். இதைக் கேட்டு நோகுறதுக்கு இப்ப யாரும் மிச்சமில்ல.

அந்தப் படத்தைக் காட்டுங்க. புத்தகத்துல இருக்குறது சின்னதா இருக்கும், என் பிரதியைப் பாருங்க. மரத்துக்கு இடது பக்கம், மேல் மூலையில. வெள்ளையா ஒரு புள்ளி. அச்சுக் கோளாறுன்னு சொல்லுவாங்க. சில பேர் கிளின்னுவாங்க. நானும் கிளின்னுதான் சொன்னேன்.

ரூத்துக்கு ஞாபகம் இல்ல. அடிலெய்டுல நர்ஸா இருக்கா. ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. மறந்துட்டாளேன்னு கர்த்தருக்கு நன்றி சொல்லுவேன். சில நாள் தோணும், மறக்காமயும் கேக்காம இருக்காளோன்னு.

ஆல்ஃப் அதுக்கப்புறம் அந்த மரத்துல உளி வைக்கல. உதடு வளர்ந்து அம்பை மூடிருச்சு. எழுத்தையும் பாதி மூடிருச்சு. அதான் நேத்து உங்களுக்குத் தெரியல. உங்க கேள்விக்குப் பதில் எழுதிக்கோங்க. கெண்ட்ரிக் வெட்டின அம்பை இப்ப இருக்குற யாரும் பார்த்ததில்ல. படத்துல இருக்குற அம்பு க்ளெம் ட்ரெகியா வெட்டினது, தையல் மெஷின் ரிப்பேர்காரர், மூண்டா ஊரு. ட்ரெகியாவை ஒழுங்கா எழுதுங்க, அவருக்கு அதுல ரோஷம் வரும்.

பென்சில்ல எழுதின கீழ்ப்பாதியா? நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்.

போலீஸ் வர்றதுக்கு முன்னாடி ஆல்ஃப் அதை மட்டும் கிழிச்சு எடுத்துட்டாரு. இது ஊருக்கு எழுதினது இல்ல எர்னா, நமக்கு எழுதினதுன்னாரு. சாகுற வரைக்கும் அதைப் பத்தி ரெண்டாவது வார்த்தை பேசல, என்னை ஒரு சொல் சொல்லவும் இல்ல. என் பாட்டுப் புத்தகத்துக்குள்ள இருக்கு. எடுத்துத் தர்றேன். மெதுவாப் பிரிங்க, மடிப்புல இத்துப் போச்சு. எழுத்து மங்கலா இருக்கும். நானே சொல்லிடுறேன், நீங்க பார்த்துக்கிட்டே வாங்க.

செவ்வாய் பதினேழு. அம்பு அம்மா வந்தாங்க. பச்சை வண்டி, ரெண்டு பிள்ளைங்க. நான் ஓடைக்குள்ள தோண்டிக்கிட்டு இருந்தேன். கத்தினேன், சட்டையை ஆட்டினேன். எஞ்சின் சத்தத்துல கேக்கல. ஏறி வர்றதுக்குள்ள போயிட்டாங்க. பரவாயில்ல. மரத்தைப் பார்த்தாங்க, படம் கூடப் பிடிச்சாங்க. அவங்களுக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும். ஆளோட வருவாங்க. இனிமே ஆழ்கிணத்துக்குப் போகக் கூடாது. நகர்ந்தா தேடுறவங்களுக்குத்தான் கஷ்டம்.

புதன். இன்னைக்கு வரல. பெரிய வண்டி தேடுறாங்க போல.

வியாழன். குழியில ஊத்து நின்னுருச்சு. பீச் டின் ஞாபகமாவே இருக்கு.

அப்புறம் கடைசி. வெள்ளிக்கிழமை. அது கோணலா இருக்கும், கோட்டுக்கு வெளியில போயிருக்கும். அம்பு அம்மா இவ்வளவு நாள் வராம இருக்குறவங்க இல்ல. வழியில வண்டி நின்னு, அந்தச் சின்னப் பிள்ளைங்களோட எங்கயோ மாட்டிக்கிட்டிருக்காங்க. யாராவது இதைப் படிச்சா என்னைத் தேட வேண்டாம். முதல்ல அவங்களைப் போய்ப் பாருங்க.

அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல எழுதல.

தண்ணி குடிங்க.

கர்த்தர் மன்னிப்பாரு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல, தினமும் கேக்குறேன், அவரு மன்னிக்குறவரு. ஆனா இந்த மனுஷன் என்மேல ஒரு சின்னக் கோபம் கூடப் படாம போயிட்டாரே, அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னுதான் எனக்கு முப்பத்து மூணு வருஷமாத் தெரியல. அதான் பன்னெண்டு மணியானா எல்லாத்தையும் நிறுத்திடுவேன். எந்த எஞ்சினும் ஓடக் கூடாது இந்த வீட்டுல அந்தப் பத்து நிமிஷம். சும்மா உட்கார்ந்து கேப்பேன். என்ன கேக்கும்? ஒண்ணும் கேக்காது. காத்து கேக்கும், கிளி கேக்கும். சில நாள் கிளி கத்துறது கிளி கத்துற மாதிரி இருக்காது. அன்னைக்கெல்லாம் எழுந்து வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வருவேன்.

பத்து நிமிஷம் தாண்டிருச்சு. ஜெனரேட்டரைப் போட்டுடறேன், பாவம் உங்களுக்கு வேர்த்து ஊத்துது. அந்தத் தாளை நீங்களே வச்சுக்கோங்க. புத்தகத்துல போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். நான் தடுக்க மாட்டேன்.

கிளம்புறீங்களா? கேக்கை இந்தத் துணியில கட்டித் தர்றேன். தண்ணி ரெண்டு கேன் வச்சிருக்கீங்களா? இன்னொண்ணு வச்சுக்கோங்க, கேன் திரும்ப வரலைன்னாலும் பரவாயில்ல. நார்ரி வழியாத்தானே போறீங்க? அப்படின்னா கல்கூரா போய்ச் சேர நாலரை ஆகும், அஞ்சுன்னே வச்சுக்குவோம்.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கம்மா. பேசக் கூட வேண்டாம், மணி அடிச்சா போதும். நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருப்பேன்.